‘அதிகம்’ என்ற கட்டத்தில் நான் போட்ட டிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை இயற்கை ஆர்வலர், பறவைப் பிரியர் என்றெல்லாம் யாராவது அறிமுகப்படுத்தினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இரண்டு மாட்டை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான். அதைப் பறவைகளின் பெயரைச் சொல்லித்தான் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தேன். ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீடு, ஒரு ஸ்கூட்டர், புதிதாகக் கல்யாணம். கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள், அதில் எங்கே ஓட்டை என்று நான் தேட வேண்டும். கண்டுபிடித்ததைப் படிவத்தில் எழுதி, அது எவ்வளவு மோசமான ஓட்டை என்று ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ மூன்றில் ஒன்றில் டிக் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மேலாளர் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். போகப்போக இது எனக்கு வியாதி ஆகிவிட்டது. கேஸ் கனெக்‌ஷனுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனாலும் ‘பிற விவரங்கள்’ என்ற இடத்தில் எதையாவது எழுதிவிட்டுத்தான் வருவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பழைய பைனாகுலரை எனக்குக் கொடுத்தார். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பி ஓசூர் ரோட்டில் போய், ஆனேக்கல் பக்கம் திரும்பினால் ஒரு ஏரி வரும். அப்போது அதற்கு வேலி கிடையாது. ஒரு கரையில் தைல மரங்கள், இன்னொரு கரையில் யாரோ பிளாட் போட்டு நட்ட கற்கள். தண்ணீர் வற்றும் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். பனிக்காலத்தில் அங்கே ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் வருடம் முழுவதும் இருக்கும்.

அந்தப் புல்லில்தான் அந்தம்மாவை முதலில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். ஏரிக்கரைக்கு மேலே இருந்த ஷீட் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். பேசுவது தமிழ்தான், ஆனால் ஏரி என்று ஒருநாளும் சொல்லமாட்டார், கெரே என்பார். தினமும் காலையில் இறங்கி இரண்டு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு போனால்தான் அவருடைய இரண்டு மாடுகளுக்கும் தீனி. வீட்டுக்காரர் பெயிண்டர், வேலை இருந்தால் உண்டு. ஆக, வீடு ஓடியது பாலில்தான்.

நான் ஒரு மணி நேரமாக அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“இன்னா சார், லேண்டு பாக்க வந்தீங்களா?”

“இல்லம்மா. பறவை பாக்க வந்தேன்.”

“பாத்துட்டு?”

“எழுதி வெப்பேன்.”

“எழுதிட்டு?”

நான் பைனாகுலரைத் துடைத்தேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் புல் அறுக்கப் போனார். படித்தவனைக் கேள்வி கேட்கிறதா இந்தம்மா என்று எனக்குச் சுருக்கென்றது. எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேலே கோபம் வரும்.

போகப்போகப் பழகிவிட்டோம். ஒரு டிசம்பர் மாதம், நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கையை ஆட்டிக் கூப்பிட்டார். “சார், உங்கள மாதிரி கண்ணாடி போட்டுக்கினு ஒரு கோழி இருக்குது. வாங்க, சத்தம் போடாம வாங்க.”

சேற்றில் அவர் பின்னால் நடந்தேன். புல்லுக்கு நடுவே ஒரு வண்டி நிற்கிற அளவு இடத்தை மட்டும் அறுக்காமல் விட்டிருந்தார். அதற்குள் விரலால் காட்டினார். மயில் உள்ளான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக் கண்ணாடி போட்டதைப் போலவே. முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பெங்களூரைச் சுற்றி அதன் கூட்டை யாரும் பார்த்ததாக எங்கள் பறவை பார்க்கும் குழுவில் நான் கேள்விப்பட்டதில்லை.

“இதுல ஆண்தான் அடை காக்கும். பெண் அடுத்த ஜோடி தேடிப் போயிடும்” என்றேன், கிசுகிசுப்பாக.

“ஐய! நல்லாருக்குதே கதை” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எங்க ஊட்டுக்காரர இட்டாந்து காட்டணும் இத்த.”

ஏன் அந்த இடத்தை அறுக்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். “நடுவுல மறைவு வேணும் சார் அதுக்கு. சுத்தி அறுத்தாத்தான் நடந்து புழு பொறுக்கும். அறுக்காம வுட்டா ஒரே காடாப் பூடும், அப்புறம் இது இங்க நிக்காது” என்றார். நான் நோட்டில் பறவையின் பெயரை எழுதினேன், முட்டை நான்கு என்று எழுதினேன், நேரம் எழுதினேன். அவர் சொன்னதை எழுதவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

அடுத்த வாரம் குழுவில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். “பொறுமை வேணும், அவ்வளவுதான்” என்றேன். ஆமாம், வெட்கமில்லாமல் அப்படித்தான் சொன்னேன்.

ஜனவரியில் எங்கள் குழு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்தும். ஆளுக்கு ஒரு ஏரி. சின்ன ஏரி என்பதால் அது எனக்கு மட்டும். கையில் ஒரு அச்சடித்த படிவம். முன்பக்கம் பறவைகளின் பெயரும் எண்ணிக்கையும். பின்பக்கம் ‘ஏரிக்கு உள்ள தொந்தரவுகள்’ என்று ஒரு பட்டியல்: சாக்கடை, மண் எடுத்தல், மீன் பிடித்தல், புல் அறுத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரில் குறைவு, நடுத்தரம், அதிகம். படிவத்தைப் பார்த்ததும் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. பாதிப்பேர் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நானா விடுவேன்?

அன்று நல்ல பனி. ஏரி நடுவே ஊசிவால் வாத்துக் கூட்டம். பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு போகிறேன். கூட்டத்தின் பாதியைத் தாண்டியிருப்பேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“சார்! சார்! பொரிச்சிடுச்சு சார்!”

அந்தம்மா தலைக்கு மேலே அரிவாளை ஆட்டிக்கொண்டு தண்ணீரில் சளப்சளப்பென்று ஓடி வருகிறார். வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தைல மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ.

“அறிவிருக்கா உனக்கு? மனுஷன் எண்ணிக்கிட்டிருக்கேன், கண்ணு தெரியல?”

அவர் நின்றுவிட்டார். “கண்ணாடிக்காரன் குஞ்சு பொரிச்சிருக்கான் சார். நாலு குஞ்சு. அத்த சொல்லத்தான்...”

“குஞ்சும் வேணாம், ஒண்ணும் வேணாம். போ மொதல்ல!”

அவர் அரிவாளை இறக்கிக்கொண்டு திரும்பிப் போனார். நான் கரையில் உட்கார்ந்து படிவத்தைத் திருப்பினேன். புல் அறுத்தல் என்பதற்கு எதிரே ‘அதிகம்’ என்ற கட்டத்தில் பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு டிக் போட்டேன். அதோடு விட்டேனா? ‘குறிப்பு’ என்ற இடத்தில், ‘தினமும் வந்து பறவைகளைக் கலைக்கிறார்கள், உடனே தடுக்க வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அரை மணி நேரம் கழித்து நானே அந்தம்மாவைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. குஞ்சைப் பார்க்கப் போனேன். அவர் அழைத்துப்போய்க் காட்டினார். உருண்டை உருண்டையாக நான்கு குஞ்சுகள், அப்பன் பின்னால் சேற்றில் நடந்துகொண்டிருந்தன. “பாத்தீங்களா, எம்மாம் அழகு” என்று அவரே பேச ஆரம்பித்துவிட்டார். நான் திட்டியதை அவர் அதற்குள் மறந்திருந்தார், அல்லது மறந்தமாதிரி இருந்தார்.

அப்போது படிவம் என் பையில்தான் இருந்தது. பேனா சட்டைப்பையில். அந்த டிக் பொய் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். கூட்டைக் காப்பாற்றியவரையே தொந்தரவு என்று எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று படிவத்தை வெளியே எடுத்தேன். ஆனால் மையில் போட்ட டிக். அடித்துத் திருத்தினால் படிவம் அசிங்கமாக இருக்கும். கையில் வேறு படிவம் இல்லை. சரி, இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

சத்தியமாக, காரணம் அவ்வளவுதான். படிவம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான்.

இரண்டு வருடம் போனது. ஏரியைப் பூங்கா ஆக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வேலி, நடைபாதை, பறவை பார்க்க ஒரு கோபுரம். எங்கள் குழுவில் எல்லோருக்கும் குஷி. ஏரிக்கரையில் ஷாமியானா போட்டு ஊர்க்காரர்களுக்குக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் குழுவின் சார்பாக நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா இன்னும் ஏழெட்டுப் பெண்களோடு முன்னால் ஜமக்காளத்தில் இருந்தார்.

அதிகாரி கன்னடத்தில் பேசினார். வேலிக்குள் மாடு, அரிவாள், புல்கட்டு எதுவும் கூடாது என்றார். பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இது நாங்களாகச் சொல்வதில்லை. இந்தக் கெரேயில் பறவைகளைப் பார்க்கிறவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புல் அறுப்பதால் தொந்தரவு அதிகம், உடனே தடுக்க வேண்டும்.” எங்கள் குழு அவர்களுக்குக் கொடுத்திருந்த என் படிவத்தின் ஆங்கிலத்தை அவர் வார்த்தைக்கு வார்த்தை கன்னடத்தில் சொன்னார்.

அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ‘எங்களுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்’ என்று கேட்கிற பார்வை என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

நான்கே மாதத்தில் வேலி வந்தது. பெரிய கேட்டில் ஒரு வாட்ச்மேன். பைனாகுலரோடு வந்தால் எனக்கு சல்யூட். அரிவாளோடு வந்தால் அந்தம்மாவுக்கு விரட்டு. முதல் ஞாயிற்றுக்கிழமையே கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றிருந்தார்.

“சார், நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இங்கிலீஸ்ல. புல்லு அறுக்கறதால பட்சிக்கு ஒண்ணும் ஆவலன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க. உங்க கண்ணால பாத்திருக்கீங்க இல்ல?”

“எழுதறேம்மா. அடுத்த வாரம் கண்டிப்பா.”

“மாட்டுக்குத் தீனி இல்ல சார். ரோட்டோரம் அறுத்துக்கினு வர்றேன். மண்ணும் பிளாஸ்டிக்குமா இருக்குது. சீக்கிரம் பாருங்க.”

அன்றே உட்கார்ந்து அந்த அதிகாரிக்கு எழுதினேன். ‘புல் அறுப்பவர்களின் நிலைமையைக் கனிவோடு பரிசீலிக்குமாறு’ என்று வழவழா கொழகொழா. என் மனைவி படித்துவிட்டு, “அந்த டிக்கைப் போட்டது நீங்கதானே? அது தப்புன்னு எங்க எழுதியிருக்கீங்க?” என்றாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். கோபத்தில் போட்ட டிக், அது உண்மையில்லை, கூட்டைக் காட்டியதும் காத்ததும் அந்தம்மாதான் என்று நேராக எழுதினேன். “இதை அனுப்புங்க” என்றாள். உறையில் போட்டு ஒட்டினேன். ஆனால் அனுப்பவில்லை.

ஏனென்றால் அந்த வாரம்தான் எங்கள் குழுவில், இனி தெற்குப் பக்க ஏரிகள் எல்லாவற்றின் கணக்கையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். என் படிவங்கள்தான் சுத்தமாக இருக்கின்றன என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அந்தப் படிவத்தில் நான் பொய் எழுதினேன், அந்தக் கூட்டை நான் கண்டுபிடிக்கவே இல்லை என்று எப்படி அனுப்புவது? நாளைக்கு, நாளைக்கு என்று உறை மேஜை டிராயரில் கிடந்தது.

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் மனைவி. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பூங்காவுக்குத் தைல மரப் பக்கம் இன்னொரு சின்ன கேட் உண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை அந்தப் பக்கம் திருப்பினேன். அதற்கடுத்த வாரமும். பெரிய கேட்டில் தூரத்தில் ஒரு பச்சைப் புடவை நிற்பது பைனாகுலரில் தெரியும். நான் பைனாகுலரை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். இரண்டு மாதம் இப்படியே ஒளிந்து ஒளிந்து பறவை பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் பச்சைப் புடவை அங்கே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாட்ச்மேன்தான் சொன்னார். தீனி இல்லாமல் ஒரு மாடு பால் வற்றிப்போக முதலில் அதை விற்றார்களாம். மற்றது நோஞ்சானாகி, ஆனேக்கல் பக்கம் யாருக்கோ வந்த விலைக்குக் கொடுத்தார்களாம்.

உள்ளே புல் யாரும் அறுக்காமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அந்தம்மா சொன்னதுபோலவே காடாகிவிட்டது. மயில் உள்ளான் வரவில்லை. பிறகு பார்க்க நன்றாக இல்லை என்று இயந்திரத்தை விட்டுத் தோண்டி, புல்லையும் சேற்றையும் சேர்த்து லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா. அந்த லாரிகளைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் டிராயரிலிருந்து உறையை எடுத்துத் தபாலில் போட்டேன். மாடும் போய், பறவையும் போனபிறகு தைரியம் வருவதற்கு என்ன குறை?

ஒரு மாதம் கழித்து, ஓசூர் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் அந்தம்மாவைப் பார்த்தேன். ஏதோ அபார்ட்மெண்டில் கூட்டித் துடைக்கிற வேலை போலிருக்கிறது, நீல யூனிஃபார்ம் சேலை கட்டியிருந்தார். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்கு ஏனோ முடியவில்லை. இறங்கிக் கிட்டே போனேன்.

“லெட்டர் அனுப்பிட்டேம்மா” என்றேன். “போன மாசம்.”

“போன மாசமா?” என்றார். “மாட்ட வித்து வருசமாவப் போவுது சார்.”

“இன்னொண்ணும் சொல்லணும். அந்த ஆபீசர் படிச்ச காகிதம்... அதை எழுதினது நான்தான். கோவத்துல எழுதிட்டேன்.”

அவர் டிபன் பையின் காதை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“தெரியும் சார்.”

“யார் சொன்னாங்க?”

“யாரு சொல்லணும்? அந்த கெரேல புக்கு வெச்சுக்கினு எழுதறது நீங்க ஒருத்தருதான? அவரு படிக்கறப்பவே தெரியும். அதான் திரும்பிப் பாத்தேன்.”

“தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து லெட்டர் கேட்டீங்க?”

“வேற யாராண்ட கேக்கறது? எழுதினவங்கதான அடிக்கணும்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “ஒரு நாள் கத்தினாருன்னா கெட்டவரா? கேட்டா அடிச்சுக் குடுத்துடுவாருன்னு நெனச்சேன்.”

பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாகப் படியில் காலை வைத்தவர் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எங்க ஊட்டுக்காரரு அப்பவே ரெண்டையும் சேத்து வித்துடலாம்னாரு சார், நல்ல வெலைக்கு. அந்த சார் எழுதுவாரு, எழுதுவாருன்னு அவருகிட்ட சண்ட போட்டு, பட்டினியாப் போட்டு வெச்சிருந்தேன் அந்த மாட்ட.”

பஸ் கிளம்பிவிட்டது.